போடிக்காரனுக்கு எதுக்குய்யா கட்டுமரம்?

போன மாசம் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் போட்டோ அனுப்பியிருந்தார். கோவளம் பக்கம் கடல், ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கயாக், கையில் முழ நீளத்துக்கு ஒரு சீலா மீன். கூடவே ஒரு வரி: "மச்சி, இன்னிக்கு செம நாள்." அதுக்கு முந்தின வாரம் அனுப்பினது வேற மாதிரி. மீன் ஒண்ணுகூட சிக்கலை, முதுகு பூரா வெயில்ல வெந்துபோச்சு, போன் தண்ணிக்குள்ள. "மச்சி, வாழ்க்கையிலேயே மோசமான நாள்."

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா போட்டோவை ஜூம் பண்ணினப்போ ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மனுஷன் உட்கார்ந்திருப்பது படகுக்குள்ளே இல்லை, படகு மேலே. அலை ஏறினால் தண்ணீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தானே வெளியே போய்விடும். இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. அட, இதை எங்கேயோ பார்த்திருக்கோமே என்று தோன்றியது. அப்புறம் ரெண்டு வாரம் வேற வேலையே ஓடவில்லை. படித்ததில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போடிக்காரன். எங்க ஊரில் மூக்கில் ஏறுவது ஏலக்காய் வாசனை, கருவாட்டு வாசனை இல்லை. தண்ணீர் என்றால் குரங்கணிப் பக்கமிருந்து இறங்கி வருகிற கொட்டகுடி ஆறு. கடல் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒண்ணுமில்லை. ஆனாலும் இந்தக் கதை மலையில்தான் ஆரம்பிக்கிறது, பாருங்க.

கயாக் என்பது வடதுருவத்து இனுயிட் மக்களின் சொல். சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, இடுப்புவரை உள்ளே நுழைத்து உட்காரும் வேட்டைப் படகு. அந்தக் குளிரில் உடம்பில் தண்ணீர் பட்டால் சாவுதான், அதனால் மூடிய படகு. இந்த மேலே உட்காரும் மாடல் ரொம்பப் பின்னாடி, 1970களில் கலிபோர்னியாவில் டிம் நீமியர் என்பவர் பிரபலப்படுத்தியது. வெப்பக் கடலுக்கு மூடிய படகு எதற்கு என்று யோசித்திருக்கிறார். நம்ம ஆட்கள் அதையே பல நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்து, நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டி, அலைக்குள் இறங்கிவிட்டார்கள்.

கட்டுமரத்தின் டிசைன் அவ்வளவு எளிமையானது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிய மரங்கள், முன்பக்கம் மேல்நோக்கி வளைத்துச் செதுக்கியது. ஆணி கிடையாது. மூழ்க வழியே இல்லை, ஏனென்றால் உள்ளே தண்ணீர் புகுவதற்கு "உள்ளே" என்று ஒன்று இல்லை. கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் ஊறிக் கனத்துவிடும். எங்க துறையில் இதைத்தான் ஃபால்ட் டாலரன்ஸ் என்று ரெண்டு நாள் டிரெய்னிங் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதற்கு வேண்டியது லேசான மரம். அது கடற்கரை மணலில் விளையாது. கேரளத்து மலைப்பக்கம் வளர்ந்த ஆல்பீசியா வகை மரங்கள் லாரி ஏறிக் கடற்கரைக்குப் போயின. இன்னொன்று கல்யாண முருங்கை என்கிற முள்முருங்கை. நம்ம மலைச்சரிவில் மிளகுக்கொடி ஏற்றி விடுவார்களே, அதே மரம்தான்! சின்ன வயசில் அதில் முதுகைச் சொறிந்துகொள்ளப் போய் ரத்தம் பார்த்தவன் நான். அந்த மரத்துக்குக் கடலோடு உறவு இருக்கும் என்று யார் கண்டது?

மலையிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. 1895-ல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடித்ததில் உருவானது தேக்கடி ஏரி. அதில் மன்னான் பழங்குடி மக்கள் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் போய் வலை போட்டு மீன் பிடிப்பவர்கள். கடலில் மரம், ஏரியில் மூங்கில். சூத்திரம் ஒன்றுதான்.

கட்டுமரம் என்ற பெயர் உலகம் சுற்றியது தனிக்கதை. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே அந்தச் சொல் வருகிறது. 1804-ல் நெப்போலியனின் படகுகளைக் கொளுத்த பிரிட்டிஷ் கப்பற்படை பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் "கட்டமரான்" என்றுதான் பெயர். 1876-ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்பவர் ரெட்டை உடல் கொண்ட பாய்ப்படகைக் கட்டி, பந்தயத்தில் மற்றவர்களை எல்லாம் தூரத்தில் விட்டுவிட்டுப் போனார். கோபத்தில் அந்த வகைப் படகையே பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அதிலிருந்து உலகத்துக்கு "கட்டமரான்" என்றால் ரெட்டைப் படகு. உண்மையான கட்டுமரத்துக்கு ரெண்டு உடல் கிடையாது. பெயர் மட்டும் போச்சு, பொருள் இங்கேயே நின்றுவிட்டது.

சரி, நல்ல நாளுக்கு வருவோம்.

சோழமண்டலக் கரையில் நல்ல நாள் என்றால் கோலா சீசன். கோலா என்பது பறக்கும் மீன். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கென்றே பெரிய மரம், கோலா மரம் என்று பெயர். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய், செடிகொடிகளைக் கட்டாகக் கட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். முட்டையிட மிதக்கிற தழை தேடி அலைகிற மீன் கூட்டம் கூட்டமாக அதற்கு வந்து சேரும். தூண்டில் முள் வேண்டாம், துரத்த வேண்டாம், அள்ள வேண்டியதுதான். மீனின் தேவை என்ன என்று தெரிந்துவைத்திருந்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

கெட்ட நாள்? நான் முதலில் நினைத்தது புயல், சுறா, கவிழ்வது இப்படி. படிக்கப் படிக்க வேறு ஒன்று தெரிந்தது. மோசமான நாட்களில் தோற்றது பெரும்பாலும் மரம் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் நிலநடுக்கம் வந்தது நம்ம நேரம் காலை 6.28-க்கு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ரெண்டு மணி நேரம்! போடியிலிருந்து மதுரைக்கே போய்விடலாம். ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்றைக்கு சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஆழ்கடலில் சுனாமி அலை உயரமே தெரியாது என்பதால் தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. திரும்பி வந்தால் ஊரே இல்லை. குமரி மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். குடும்பமே கரையில் இருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கடலில் இருந்தவன் பிழைத்தான், வீட்டில் இருந்தவர்கள் போனார்கள். இதை என்னவென்று சொல்வது?

எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-ல் வந்தது. கட்டுமரத்துக்கு முடிவுரை அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. மரம் கிடைப்பது குறைந்து விலை ஏற, 1980களிலேயே குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் வள்ளங்களை உருவாக்கினார். அந்த அனுபவத்தைச் சொல்லும் அவர் புத்தகத்தின் தலைப்பின் பொருள் "சிறியது கடினம்". சின்னப் படகு விஷயம் அத்தனை எளிதல்ல என்பதை ஒத்துக்கொண்ட நேர்மை பிடித்திருந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். வேகம், மோட்டார், அதிக தூரம், அதிக மீன், எல்லாம் சரி. மீனவர்கள் விரும்பித்தான் மாறினார்கள், அதில் நாம் ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. அலையில் முட்டி போட்டுத் துடுப்பு வலித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆனால் தூரம் கூடும்போது இன்னொன்றும் கூடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. குமரிக்குத் தெற்கே சில மணி நேரத்தில் புயலாக வலுத்துவிட்டது. அதற்குள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்க்காரர்கள் பல நாள் தங்கல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். கரையில் செல்போன் டவர் உண்டு, ஆனால் அதன் சிக்னல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது. தகவல் இருந்தது, கடலில் இருந்தவனுக்குப் போய்ச் சேரவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தவர்கள் சிலர் பிழைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. தேடிப் போனதிலும் மீனவர்களே முன்னால் நின்றார்கள். செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019-ல்தான் வந்தது. மெசேஜ் அனுப்பியாச்சு என்பதும் போய்ச் சேர்ந்தாச்சு என்பதும் வேறு வேறு என்று எனக்கு ஆபீசில் தினமும் தெரிகிற விஷயம்தான். அதன் விலை இவ்வளவு என்று தெரியாது.

இதை எழுதும்போது எங்க ஊர்க் கெட்ட நாள் நினைவுக்கு வராமல் போகுமா? ஒக்கி முடிந்து நாலாவது மாசம், 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்தது சுற்றுவட்டார மக்கள். மார்ச்சில் காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும் என்பது மலையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. கடல், மலை, ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தான்: தெரிந்தவனிடமிருந்து தெரியாதவனுக்கு ஒரு சொல் நேரத்தில் போகவில்லை.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த நல்ல நாளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதே 2018, ஆகஸ்ட். ஏலமலைக்கு மேல் கொட்டிய மழையில் இடுக்கி அணையை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். பெரியாறு ஊருக்குள் புகுந்தது. அப்போது கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆலுவாவுக்கும் செங்கன்னூருக்கும் கிளம்பினார்கள். தெருத்தெருவாகப் படகு ஓட்டி, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரையேற்றியதாக அரசுக் கணக்கு. பலர் கூலி வேண்டாம் என்றார்கள். ஒக்கியில் சொந்தக்காரனைப் பறிகொடுத்து ஒன்பது மாசம்கூட ஆகாத கரை அது.

ஒரு காலத்தில் மலையிலிருந்து மரம் லாரியேறிக் கடலுக்குப் போனது. அன்றைக்குக் கடலிலிருந்து படகு லாரியேறி மலைத் தண்ணீரைத் தேடி வந்தது. அந்தப் படகுகளில் ஒரு மீன் ஏறவில்லை. ஆனால் அதைவிட நல்ல நாள் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த வாரம் நீயும் வர்றியா மச்சி?" என்றார். வருகிறேன் என்றேன். ரெண்டு கண்டிஷன். வானிலை அறிக்கை பார்த்துவிட்டு இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவர் யாரிடமாவது "இன்னிக்கு கடல் எப்படிண்ணே இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பி.கு: எனக்கு நீச்சல் தெரியாது. கொட்டகுடி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டவன். லைஃப் ஜாக்கெட் அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.