காண்பது கண் மட்டுமா?

காட்சி கண்ணோடு முடிவதில்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விரித்துரைத்தவர், பஸராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம். கெய்ரோவில் வாழ்ந்த அவர் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலை ஏழு பாகங்களாக யாத்தார். கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் உடற்கூற்றறிவையும் அவர் துணைக்கொண்டார். இரு கண்களும் பெறும் உருவங்கள் ‘அல்அஸபுல் முஷ்தரக்’ எனும் பொது நரம்பில் கூடி ஒன்றாகின்றன. ‘அல்ஹாஸ்ஸுல் அகீர்’, அதாவது இறுதியாய் உணரும் ஆற்றல், மூளையில் உள்ளது என்றார். அதனை அவர் மூளையின் முன்புறத்தில் வைத்தார். உண்மையில் அவ்விடம் பிடரிப் பக்கம் என்பது மிகப் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

1904–05 ருஷ்ய–ஜப்பானியப் போரில் பிடரியில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்த வீரர்களை, ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே ஆராய்ந்தார். அவர்தம் கண்கள் பழுதற்றிருந்தன. எனினும் காயம்பட்ட இடத்திற்கேற்பப் பார்வைப் பரப்பில் ஒரு பகுதி மறைந்திருந்தது. அதைக் கொண்டு மூளையின் பார்வைப் பகுதிக்கு வரைபடம் வகுத்து 1909இல் வெளியிட்டார்.

அன்று போர்க்களத்தில் குண்டு செய்ததை, இன்று வீட்டிற்குள்ளேயே இரத்தக்குழாய் அடைப்பு செய்துவிடுகிறது. மூளையின் இடப்பாதியில் பார்வைப் பகுதி கெட்டால், இரு கண்களுக்கும் வலப்புறம் மறையும். வலப்பாதியில் கெட்டால் இடப்புறம் மறையும். வலப்புறம் இழந்தவர்க்குத் தமிழ் வாசிப்பது கடினம். அடுத்த சொல் அங்கன்றோ இருக்கிறது! இடப்புறம் இழந்தவரோ, வலமிருந்து இடம் செல்லும் அரபு வரியில் தடுமாறுவார். முதியவர் ஓதுகையில் திடீரெனச் சொற்களைத் தவறவிட்டாலோ, ஒரே பக்கம் கதவில் இடித்துக்கொண்டாலோ, அதனை முதுமையின் மறதி என்று ஒதுக்குவது தகாது. மூக்குக்கண்ணாடியை மாற்றுவதாலும் பயனில்லை.

இங்கே காலமே மருந்து. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். நகரத்தார்க்கே இது குறுகிய பொழுது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி போன்ற மலையூர்களில் இருப்போர் மலையிறங்கி வருவதற்கே நேரம் செலவாகும். ஆதலின் நோய்க்குறியை அறிந்திருப்பது அவர்கட்கு இன்னும் இன்றியமையாதது. விடியட்டும் எனக் காத்திராமல் உடனே 108ஐ அழைத்தல் வேண்டும்.

இழந்த பார்வை சிலர்க்கு முதற் சில மாதங்களில் ஓரளவு மீளும். பலர்க்கு முழுமையாக மீள்வதில்லை. அத்தகையோர் தலையையும் கண்ணையும் மறைந்த பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகலாம். அந்தப் பக்கம் யாரேனும் உடன் நடந்து செல்வதும், உணவையும் நீரையும் தெரியும் பக்கம் வைப்பதும் நம்மால் இயன்ற உதவிகள். கண் நலமாயிருக்கிறதே, ஏன் தெரியவில்லை என்று அவரைக் கடிந்துகொள்ளாதிருப்போம். கண்ணின்மேல் பழியில்லை என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.