பல் பதிந்த ஒரு சொல்



மலாயாவுக்கு வந்த நம் முன்னோரைப் பற்றிய ஆங்கில நூல்களில் 'இன்டென்ச்சர்ட்' என்ற அடைமொழி தலைகாட்டும். ஒப்பந்தத்தால் கட்டுண்டவர் என்பது பொருள். இந்தச் சொல்லுக்குள்ளே பல் இருக்கிறது!

இலத்தீன் மொழியில் 'டென்ஸ்' என்றால் பல். பல் வைத்தியரை டெண்டிஸ்ட் என்கிறோமே, அதே வேர்தான். முற்காலத்தில் இங்கிலாந்தில் இருவர் உடன்படிக்கை செய்துகொண்டால், பதப்படுத்திய ஒரே தோலில் அதை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவே ரம்பப் பல்லைப் போல வெட்டி ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். பின்னால் வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் நல்ல பத்திரம். பொருந்தாவிட்டால் கள்ளப் பத்திரம். இரு தரப்புக்கும் சமமான காவல் அது.

1845-இல் வந்த சட்டம், பல் வெட்டாவிட்டாலும் அத்தகைய பத்திரம் செல்லும் என்றது. பல் போயிற்று, பெயர் நின்றது.

அந்தப் பெயரோடுதான் நம்மவர் பலர் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரே அதிகம். பத்திரத்தில் என்ன இருந்தது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? கப்பல் செலவுக் கடன் கூலியில் பிடிக்கப்பட்டது. தவணை முடியுமுன் ஓடினால் சிறை.

மலாயாவில் இம்முறையில் ஆளெடுப்பது 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அதில் கடன் உண்டு, கஷ்டம் உண்டு. ஆனால் தவணைப் பத்திரம் இல்லை. ஆகவே உங்கள் பாட்டனார் கங்காணியோடு வந்தவரானால், இந்த அடைமொழி அவருக்குப் பொருந்தாது.