இடது பக்கம் முளைத்த கண்!

1915. பிரான்ஸ் போர்முனை. பதுங்குகுழிக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் தலையைத் தூக்கினால்... ஒரே ஒரு வெடிச்சத்தம், அவ்வளவுதான்! சுட்டவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்றுகூடப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

ஜெர்மனிக்கு இதில் ஒரு வசதி இருந்தது. மான் வேட்டை அந்த ஊர் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. டெலஸ்கோப் வைத்த வேட்டைத் துப்பாக்கிகளை அவர்களிடமிருந்து திரட்டிப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். லென்ஸ் செய்ய ஸைஸ், கோர்ஸ் என்று பேர்போன கம்பெனிகள் வேறு! பிரிட்டனோ, லென்ஸுக்கான கண்ணாடியில் பெரும்பகுதியைப் போருக்கு முன்பு வாங்கிக்கொண்டிருந்ததே ஜெர்மனியிடம்தான்!

அவசர அவசரமாக பிரிட்டனும் ஸ்கோப் தயாரித்தது. அதை எங்கே பொருத்தினார்கள் தெரியுமா? துப்பாக்கியின் நடு உச்சியில் இல்லை... இடது பக்கவாட்டில்! லீ என்ஃபீல்டில் தோட்டாக்களை ஐந்தைந்தாக மேலிருந்துதான் செருகவேண்டும். ஸ்கோப் வழியை அடைக்கக் கூடாதாம். சரி, சிப்பாய் பாவம் என்ன செய்வான்? பாதுகாப்புக்கு வைத்த இரும்புத் தகட்டின் சின்ன ஓட்டை வழியாகக் குழலை நீட்டுவான். குழல் வெளியே போய்விடும். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால்... தெரிவது தகடு மட்டும்! ஒரு குண்டை நிதானமாகச் சுடப்போகிறவனுக்கு ஐந்து தோட்டா அவசரம் எதற்கு என்று லண்டனில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூத்தைக் கண்டு கொதித்துப்போனவர் ஹெஸ்கெத்-பிரிச்சார்ட். வேட்டைக்காரர், எழுத்தாளர், ஹாம்ப்ஷயர் அணியின் வேகப்பந்து வீச்சாளர். பத்திரிகை நிருபர்களைச் சுற்றிக்காட்டும் வேலைக்காகப் போனவர், சிப்பாய்களின் ஸ்கோப்புகளைச் சோதித்துப் பார்த்தார். கோணல்மாணலாக இருந்தவை ஏராளம். அதைச் சரிபண்ணவும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தார் மனிதர். 1916-ல் ஸ்னைப்பர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமே தொடங்கிவிட்டார்.

அவர் கையாண்ட தந்திரம்தான் பிரமாதம். காகிதக்கூழில் செய்த பொம்மைத் தலை. வாயில் நிஜ சிகரெட்! கீழே ஒருவர் ரப்பர் குழாய் வழியாக அதைப் புகைப்பார். ஜெர்மன்காரன் ஏமாந்து சுடுவான். தலையில் முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை. இரண்டையும் நேர்கோட்டில் வைத்து பெரிஸ்கோப்பால் பார்த்தால், சுட்டவன் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். அப்புறம் அவன் கதி உங்களுக்கே தெரியும்!

ஸ்கோப்பை நடு உச்சிக்குக் கொண்டுவந்த புதிய பிரிட்டிஷ் துப்பாக்கி வந்து சேர 1918 ஆகிவிட்டது. அந்த நவம்பரில் போரே முடிந்துபோனது.