கால் பலத்துக்கு ஒரு கணக்கு

பலசாலி என்றால் பழைய கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் சாண்டோ சின்னப்பா தேவர். கோவை ராமநாதபுரத்தில் 1915-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மில் வேலைக்குப் போனவர். தேகப்பயிற்சி சாலையில் உடம்பைத் தேற்றி, அந்த உடம்பையே முதலாக வைத்துச் சினிமாவுக்குள் நுழைந்தவர். உடற்கட்டைக் காட்டியே உலகப் புகழ் பெற்ற யூஜின் சாண்டோவின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அன்றைய பயிற்சி சாலைகளில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. எத்தனை சுற்று, எவ்வளவு எடை என்பதுதான் பலத்துக்குக் கணக்கு. தெற்கத்திச் சீமையில் இளவட்டக்கல்லும் அதே கணக்கைத்தான் போட்டது.

பலசாலிக்கு அந்தக் கணக்கு போதும். தென்னையிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவருக்கு? ஆனைமலையைச் சுற்றித் தென்னைதான் பிழைப்பு. மரம் ஏறுவது, தேங்காய் உரிப்பது, மூட்டை தூக்குவது எல்லாமே முழங்காலையும் தொடையையும் நம்பிய வேலைகள். எலும்பு கூடிவிட்டதா என்று எக்ஸ்ரே சொல்லிவிடும். மறுபடி மரம் ஏறும் அளவுக்குத் தொடையில் பலம் திரும்பிவிட்டதா என்று அது சொல்லாது.

பலவீனத்தை அளக்க வேண்டிய கட்டாயத்தை மருத்துவத்துக்கு உண்டாக்கியது இளம்பிள்ளை வாதம். பாஸ்டன் நகர எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட்டும் வகுத்த முறையை 1912-இல் ரைட் எழுதி வெளியிட்டார். புவியீர்ப்புதான் அவர்களுக்கு எடைக்கல். குழந்தை காலைத் தானாகத் தூக்குகிறதா? தூக்கினால், மேலே கையை வைத்து அழுத்து. தூக்க முடியவில்லையா? பாரம் தெரியாதபடி பக்கவாட்டில் படுக்கவைத்து அசைக்கச் சொல். 1916-இல் லவெட் ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கொண்டும் தசையின் இழுவிசையை அளந்து பார்த்தார். 1921-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வந்திருப்பது இளம்பிள்ளை வாதம் என்று சொன்னவரும் இவரே. நரம்பு அடிபட்ட போர்வீரர்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943-இல் 0 முதல் 5 வரை மதிப்பெண் வகுத்தது. இன்றும் கோவை பிசியோதெரபிஸ்டின் நோயாளிக் குறிப்பில் ‘தொடை 3, கெண்டைக்கால் 4’ என்று இருந்தால், அது அந்த அளவுகோல்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை வேர்விட்ட இடம் வேலூர். அதற்குக் காரணமானவர் கொங்கு நாட்டின் கிழக்கு ஓரத்தில், கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட். மிஷனரிகளின் மகன். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்த முனைந்தார். செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய, நல்ல தசை ஒன்றின் தசைநாரை இடம் மாற்றித் தைக்க வேண்டும். அப்படி மாற்றும்போது அந்தத் தசை தன் பலத்தில் கொஞ்சத்தை இழந்துவிடும். ஆகவே கத்தியை எடுக்கும் முன்பே எந்தத் தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அதைச் சொன்னவை பிசியோதெரபி ஊழியர்களின் விரல்கள். நோயாளியின் சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விலக்கச் சொல்லி, தங்கள் விரலால் உள்பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்கு நேர் மேலே தூக்கச் சொல்லி அழுத்துவார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லுவார்கள். கண்ணை இறுக மூடச் சொல்லி, இமையைத் திறக்க முயல்வார்கள். சில நிமிட வேலை. கருவி எதுவும் வேண்டாம். எத்தனையோ பேரின் கைகள் இந்தச் சோதனையால் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

அதே வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவருடைய உழைப்பு.

அடுத்த ஆண்டே, 1967-இல், அமெரிக்காவில் ஜேம்ஸ் பெர்ரின் என்ற பொறியாளரின் தசைப் பயிற்சிக் கருவியைப் பற்றி பிசியோதெரபிஸ்ட் ஹெலன் ஹிஸ்லாப் அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. அதுவரை இரும்பு எடைதான் வழி. 1945-இல் ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுக்கும் முறையை எழுதியிருந்தார். அதில் ஒரு குறை உண்டு. காலை மடக்கி நீட்டும்போது தசையின் பலம் ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், எடையோ மாறாது. பலவீனமான கோணத்தில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஏற்ற முடியும். மற்ற கோணங்களில் தசைக்குப் போதிய வேலை இருக்காது.

பெர்ரின் எடையை விட்டுவிட்டு வேகத்தைக் கட்டிப்போட்டார். ‘ஐசோகைனடிக்’ என்பது இந்தச் சமவேகப் பயிற்சிதான். கிணற்றுத் தண்ணீருக்குள் காலை உதைப்பதைப் போன்றது இது: மெல்ல உதைத்தால் மெல்ல எதிர்க்கும், பலமாக உதைத்தால் பலமாக எதிர்க்கும். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சையும் தொடையையும் வாரால் இறுக்குகிறார்கள். முழங்கால் மூட்டின் அச்சும் கருவியின் அச்சும் நேர்கோட்டில் வரும்படி சரிசெய்கிறார்கள். இது பிசகினால் அளவே பிசகும். வினாடிக்கு 60 டிகிரி என்று வேகத்தை வைத்தால், எவ்வளவு முக்கி உதைத்தாலும் கால் 90 டிகிரி நீள ஒன்றரை வினாடி ஆகும். கூடுதலாகத் தருகிற விசை முழுவதும் திரையில் வளைகோடாக ஏறுகிறது. வலி வந்து காலைத் தளர்த்தினால் எதிர்ப்பும் அக்கணமே தளர்ந்துவிடுகிறது.

கைச் சோதனைக்கு எட்டாத இடத்தில்தான் இந்தக் கருவி உதவுகிறது. தொடையின் முன்தசை உடம்பின் மிகப் பலமான தசைகளில் ஒன்று. கணிசமாக வலுவிழந்த தொடைகூடச் சோதிப்பவரின் கைக்கு 5 மதிப்பெண் தசையாகவே தோன்றலாம். கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பையன் “நல்லாயிட்டேன், இறங்கட்டுமா?” என்று கேட்பான். அடிபட்ட கால் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் கருவியின் விலை பல லட்சங்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே பெருநகரத்து மருத்துவமனைகள், விளையாட்டு மையங்கள் சிலவற்றோடு நின்றுவிட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். ஆனைமலைத் தோட்டத்துச் சாளைகளிலும் திண்ணைகளிலும் பக்கவாதக்காரரின் காலைப் பிடித்து அழுத்திப் பார்க்கிறவருக்குக் கருவியாக இருப்பது அவருடைய கைதான். லவெட்டின் ஸ்பிரிங் தராசுக்கு வாரிசாக, உள்ளங்கையில் அடங்கும் மின்னணு விசைமானி இன்று கிடைக்கிறது. அதையாவது அவர் பையில் அரசு போட்டுத் தர வேண்டும்.

பெரிய கருவிக்கும் வழி உண்டு. உள்ளே இருப்பது வேகம் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு மோட்டார், ஒரு முறுக்குவிசை உணரி, ஒரு கணினி. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டிய ஊர் கோவை. இன்றும் நாட்டின் வயல்களுக்கு மோட்டாரும் பம்பும் அனுப்புகிற ஊர். பொறியியல் கல்லூரிகளும் பிசியோதெரபி கல்லூரிகளும் இங்கே சில மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு சமவேகக் கருவியைச் செய்துதரும் வேலையை, கோவைத் தொழில்துறை எடுத்துக்கொள்ள வேண்டும்.