அணியும் கைதாங்கிகளின் வரலாறு: ஒரு நோக்கு

மோட்டார் வாகனத் தொழிற்சாலையிலே, மேலே தொங்கியவாறு நகர்ந்துவரும் வாகனத்தின் அடிப்புறத்தில் மரையாணி முடுக்கும் தொழிலாளி, தன் கரங்களைத் தலைக்கு மேல் உயர்த்தியே வேலை செய்கின்றான். கருவியின் பாரம் ஒருபுறமிருக்க, அவனது கையே அவனுக்குப் பாரமாகிவிடுகின்றது. ஒரு கையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 20 இல் ஒரு பங்கு; 70 கிலோகிராம் நிறையுள்ளவன் ஒவ்வொரு தோளிலும் மூன்றரைக் கிலோகிராமைத் தூக்கி நிறுத்துகின்றான். இப்பாரத்தை உடலில் அணியும் பொறியொன்றிடம் ஒப்படைக்கும் முயற்சிக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வேலையை மனிதனுக்கேற்ப மாற்றுவதா, மனிதனுக்கு முட்டுக்கொடுத்து வேலையை அப்படியே விடுவதா என்ற வினாவும் அவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது.

தொடக்கத்தில் இம்முயற்சிக்கும் தொழிலாளியின் தோள்நோவுக்கும் தொடர்பு இருக்கவில்லை. 1965 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம், அந்நாட்டுத் தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் ஆதரவுடன் 'ஹார்டிமன்' என்னும் பொறியை உருவாக்கத் தொடங்கிற்று. றல்ப் மோஷர் என்னும் பொறியியலாளர் இதில் முதன்மையானவர். மனிதன் உள்ளே நின்று கையை அசைக்க, அவனைச் சூழ்ந்த உருக்குச் சட்டகம் அதே அசைவைப் பன்மடங்கு விசையுடன் செய்தல் வேண்டும் என்பதே நோக்கம். 1,500 இறாத்தலைத் தூக்குதல் இலக்கு. பொறியின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவே. 250 இறாத்தலைத் தூக்குபவன் 10 இறாத்தலையே உணர்வான் என எதிர்பார்க்கப்பட்டது. விமானங்களில் குண்டுகளை ஏற்றுதல் கருதப்பட்ட பணிகளுள் ஒன்று.

நடந்தது வேறு. பொறி முழுவதையும் ஒருங்கே இயக்க முற்பட்டபோது அது கட்டுக்கடங்காது உலுப்பியது; ஆகவே மனிதனை உள்ளே நிறுத்தி அது முழுமையாக இயக்கப்படவேயில்லை. ஒரு கை மாத்திரம் செம்மையாக இயங்கி 750 இறாத்தலைத் தூக்கிற்று. 1970களின் தொடக்கத்தில் முயற்சி கைவிடப்பட்டது. மனிதனை அரக்கனாக்க எண்ணியவர்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் கை மட்டுமே.

இதற்கு முன்னரே, 1950களில், மற்றொரு வழி திறந்திருந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ஜோசப் மக்கிபன் என்னும் பௌதிகவியலாளர், இளம்பிள்ளை வாதத்தாற் செயலிழந்த தம் மகளின் கைக்கெனக் காற்றமுக்கத்தால் சுருங்கும் செயற்கைத் தசையை ஆக்கினார். பின்னிய உறையினுள் றப்பர்க் குழாய். காற்று நிரம்ப அது பருத்துக் குறுகும். நோயாளிக்காகப் பிறந்த இவ்வெண்ணமே பின்னர் யப்பானில் தோக்கியோ விஞ்ஞானப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி கொபயாஷியின் 'தசை ஆடை'க்கு அடிப்படையாயிற்று. தொடக்கத்தில் தோளையும் கையையும் இயக்கக் கருதிய அவ்வாடை, சந்தைக்கு வந்தபோது இடுப்பைத் தாங்கும் ஆடையாகவே வந்தது.

வலுவூட்டிய கைதாங்கி ஏன் இவ்வாறு பின்வாங்கியது? மோட்டரும் மின்கலமும் காற்றழுத்தியும் தாமே பாரங்கள். அவற்றையும் தொழிலாளியே சுமக்க வேண்டும். எனவே தொழிற்சாலைக்குள் முதலிற் பரவலாக நுழைந்தது சுருளிவில்லே. 2018 இல் போர்ட் நிறுவனம் 7 நாடுகளிலுள்ள 15 தொழிற்சாலைகளுக்கு மேலங்கி போன்ற தாங்கிகளைக் கொண்டுசென்றது. ஒவ்வொரு கைக்கும் 5 முதல் 15 இறாத்தல் வரை அவை உதவும். சிலர் நாளொன்றுக்கு 4,600 தடவை கையை உயர்த்துகின்றனர் என்பது அந்நிறுவனமே அப்போது வெளியிட்ட கணக்கு. இக்கணக்கு விளம்பரமாகக் கூறப்பட்டதாயினும் ஒருவகை ஒப்புதல் வாக்குமூலமுமாகும்.

வில்லுக்கும் ஒரு குறையுண்டு. அது எப்போதும் மேல்நோக்கியே உந்தும். கையைத் தாழ்த்துபவன் அதனை எதிர்த்து அழுத்த வேண்டும். வலுவூட்டிய தாங்கியோ வேண்டும்போது உதவி, வேண்டாதபோது ஓயவல்லது. 2020களில் ஜேர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் காற்றமுக்கத்தால் இயங்கும் தோட்தாங்கியைக் கொணர்ந்தமைக்கு இத்தகைய தேவையே இடமளித்தது.

ஆயினும், ஹார்டிமன் கைவிடப்பட்ட காலத்தை அடுத்து நடந்த வேறொரு நிகழ்ச்சியை இவ்விடத்தில் மறத்தலாகாது. 1974 இல் சுவீடனின் கல்மார் நகரில் வொல்வோ நிறுவனம் திறந்த தொழிற்சாலையில், வாகனத்தை ஏந்திச்சென்ற மின்வண்டிகள் அதனை 90 பாகை பக்கவாட்டிற் சரிக்கவல்லனவாயிருந்தன. அடிப்புறம் தொழிலாளியின் கண்முன்னே வந்தது. கையை உயர்த்த வேண்டிய தேவை நீங்கிற்று. இது கருணையினால் விளைந்ததன்று. சலிப்பூட்டும் வேலையில் மக்கள் நிலைத்து நிற்க மறுத்தமையே நிருவாகத்தை இம்மாற்றத்துக்கு உந்திற்று. விற்பனை வீழ்ச்சியடைந்த நெருக்கடியின்பின், 1994 இல் கல்மார் மூடப்பட்டது.

வாகனத்தைச் சரிப்பதற்குத் தொழிற்சாலையையே புதிதாய் அமைத்தல் வேண்டும். மேலங்கிக்கோ ஒரு கொளுக்கி போதும். இவ்வேறுபாட்டைக் கொண்டு கைதாங்கியை முதலாளியின் சூழ்ச்சியெனத் தள்ளிவிடவும் இயலாது. போர்ட்டின் பரிசோதனைக்கு ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் துணைநின்றது. இன்று தோள் நோகின்றவன், தொழிற்சாலை மாற்றியமைக்கப்படும் நாள்வரை காத்திருத்தல் எங்ஙனம்? எனினும் அம்மேலங்கி 4,600 என்ற தொகையைக் குறைப்பதற்கென ஆக்கப்பட்டதன்று. அத்தொகையைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டது.