சொல்லடைவும் ஒரு வகுப்பறைச் சோதனையும்

மென்பொருள் வடிவமைப்பைக் கற்பிக்கத் தொடங்கிய வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1968 அக்டோபரில் தொடங்குவர். நேட்டோவின் அறிவியல் குழு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூட்டிய மாநாட்டில்தான் 'மென்பொருள் பொறியியல்' என்னும் தொடர் அரங்கேறியது. சீண்டுவதற்காகவே அந்தத் தொடரைத் தேர்ந்ததாக மாநாட்டு அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. மற்றப் பொறியியல் துறைகளுக்கு உள்ள கோட்பாட்டு அடித்தளமும் செய்முறை ஒழுங்கும் மென்பொருளுக்கு இல்லை என்பதே அந்தச் சீண்டலின் பொருள். ஆக, பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் கரும்பலகையில் என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதன்மையான விடைகளுள் ஒன்று மாநாடு எதிலிருந்தும் வரவில்லை. ஒரு தொழிற்சாலையின் மதிய உணவு மேசையிலிருந்தும், அதன்பின் ஓர் இளநிலை வகுப்பிலிருந்தும் வந்தது.

டேவிட் பார்னாஸ் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1969இன் இறுதியில் அவர் நெதர்லாந்தின் அப்பல்தூர்ன் நகரிலிருந்த பிலிப்ஸ் கணினி நிறுவனத்துக்குச் சென்று, பணிபுரியும் பொறியாளர்களோடு சில காலம் இருந்தார். பல்கலைக்கழகத்தில் காணமுடியாத ஒன்றை அங்கே கண்டார். ஒரு பகுதியை எழுதும் பொறியாளர், இன்னொரு பகுதியை எழுதும் நண்பரிடம் உணவு நேரத்தில் போகிற போக்கில் கேட்கிறார்: உன் அட்டவணையில் எது எந்த வரிசையில் இருக்கிறது? நண்பரும் சொல்லிவிடுகிறார். கேட்டவர் அந்த வரிசையை நம்பித் தம் நிரலை எழுதுகிறார். பின்னாளில் வரிசை மாறும்போது எங்கோ தொலைவில் இருக்கும் நிரல் உடைகிறது. ஏன் உடைந்தது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்றோ ஒழுங்கின்மை என்றோ மேலாளர்கள் பெயரிட்டிருப்பார்கள். பார்னாஸ் அதை வேறு விதமாகப் படித்தார். திறமையான நிரலர் தமக்குக் கிடைத்த தகவலைப் பயன்படுத்தாமல் விடமாட்டார்; எனவே, யாருக்கு எந்தத் தகவல் போகிறது என்பதே வடிவமைப்பின் ஒரு பகுதி. எல்லா ஆவணங்களும் எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்பது அந்நாளில் நல்ல மேலாண்மைக்கு இலக்கணமாகக் கருதப்பட்டது. அவர் சொன்னதோ அதற்கு நேர் எதிர். 1971இல் லியூப்லியானாவில் நடந்த பன்னாட்டுத் தகவல் செயலாக்க மாநாட்டில் தகவலைப் பங்கிடுவது பற்றி அவர் அளித்த கட்டுரையின் சாரம் இதுவே.

கருத்து இருந்தது. அதை மாணவருக்கு எப்படி உணர்த்துவது? பெரிய அமைப்பு ஒன்றைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் அரையாண்டு முழுவதும் அதை விளக்கவே போதாது. அவர் தேர்ந்தது மிகச் சிறிய சிக்கல். மொழியியலாருக்கும் நூலகருக்கும் நெடுநாள் பழகியது: தலைப்புச் சொல்லடைவு.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில் பரப்பிய 'க்விக்' அடைவு அது. ஒவ்வொரு தலைப்பின் முதற்சொல்லையும் எடுத்துக் கடைசியில் வைக்கவேண்டும்; பிறகு அடுத்த சொல்லை; இப்படியே ஒரு சுற்று. 'கடல் கடந்த வணிகம்' என்பது 'கடந்த வணிகம் கடல்' என்றும் 'வணிகம் கடல் கடந்த' என்றும் ஆகும். எல்லாத் தலைப்புகளின் எல்லாச் சுழற்சிகளையும் அகரவரிசையில் அடுக்கினால், எந்தச் சொல் நினைவிருந்தாலும் நூலைத் தேடிப் பிடித்துவிடலாம். (புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு, இத்தகைய கருவி எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.) நல்ல நிரலர் ஒருவர் ஓரிரு வாரத்தில் முடித்துவிடும் வேலை என்று பார்னாஸே குறிப்பிட்டார். வகுப்புக்கு அந்த அளவு பொருத்தமாக இருந்தது.

அன்றைய வழக்கப்படி இதைப் பிரிப்பவர் முதலில் பாய்வுப்படம் வரைவார். படி, சுழற்று, வரிசைப்படுத்து, அச்சிடு. நான்கு வேலை, நான்கு பகுதி, மேலே அவற்றை நடத்தும் ஒரு தலைமைப் பகுதி. பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் வரிகள் நினைவகத்தில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது இந்தப் பகுதிகள் அனைத்துக்கும் தெரிந்தாக வேண்டும். ஒரு நினைவகச் சொல்லில் நான்கு எழுத்துகளை அடைத்து வைக்கும் ஏற்பாட்டை மாற்றினால், எல்லாப் பகுதிகளையும் திருத்த நேரும்.

இரண்டாவது பிரிப்பில் பாய்வுப்படம் இல்லை. மாறக்கூடிய முடிவுகள் எவை என்று முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் பூட்டிவிடுவது. வரிகளைச் சேமிப்பது ஒரு பகுதியின் கமுக்கம். மற்றவை அதனிடம் 'இந்த வரியின் இந்தச் சொல்லின் இந்த எழுத்து எது?' என்று கேட்கலாம். எங்கே எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்கமுடியாது. சுழற்சிகளை உண்மையாகவே எழுதி வைத்திருக்கிறதா, கேட்கும்போது கணக்கிட்டுச் சொல்கிறதா என்பதும் அப்படியே சுழற்றும் பகுதியின் கமுக்கம். சேமிப்பு முறை மாறினால் ஒரே பகுதி மாறும்.

வகுப்பில் அவர் செய்தது இதை விரிவுரையாகச் சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் வெளியே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற துல்லியமான வரையறை மாணவருக்குத் தரப்பட்டது. பயன்படுத்துவோருக்குத் தேவையானது அதில் இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஒரே பகுதியைப் பல மாணவர்கள், ஒருவர் மற்றவரின் நிரலைப் பார்க்காமல், வெவ்வேறு வழிகளில் எழுதினர். பிறகு ஒருவரின் சேமிப்புப் பகுதியை இன்னொருவரின் சுழற்சிப் பகுதியோடும் மூன்றாமவரின் வரிசைப் பகுதியோடும் பொருத்தி ஓட்டிப் பார்த்தனர். பலவகையாக மாற்றி இணைத்தும் அவை ஓடின.

இந்தச் சோதனையின் நுட்பம் மதிப்பெண் முறையைத் தொடுகிறது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. வழக்கமான நிரல் வகுப்பில் மாணவர் தம் நிரலைத் தாமே எழுதி, தாமே ஓட்டி, சரியான விடை வந்தால் தப்பித்துவிடுவார். அங்கே வடிவமைப்புக்கு வேலையே இல்லை. எல்லாம் ஒரே தலைக்குள் இருக்கிறது. முகமறியாத ஒருவரின் பகுதியோடு தம்முடையது பொருந்தவேண்டும் என்னும்போதுதான், சொல்லாமல் விட்டதும் தேவைக்கு மேல் சொன்னதும் குற்றமாகத் தெரிகின்றன. பிலிப்ஸ் நிறுவனத்தின் உணவு மேசையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அங்கே பேச்சைத் தடை செய்ததுபோல.

1972 டிசம்பரில் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரை இந்த ஒப்பீட்டைப் புகழ்பெறச் செய்தது. அது எளிதில் வெளிவரவில்லை. 'இப்படி யாரும் செய்வதில்லை, எனவே எழுதியவருக்கு விவரம் போதாது' என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் நிராகரித்தார் என்று பார்னாஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். புதிது என்று முன்வைக்கப்படும் ஒன்றை, யாரும் செய்வதில்லை என்பதற்காகத் தள்ளுவது எப்படி என்று அவர் திருப்பிக் கேட்ட பிறகே கட்டுரை ஏற்கப்பட்டது.

தொழிலில் இருந்த பொறியாளர்கள் அவ்வளவு எளிதாக மசியவில்லை. ஓரிரு வார வேலையை வைத்துக்கொண்டு யாருக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்ற அவர்களது ஐயத்தில் நியாயம் இருந்தது. கேட்டுப் பெறும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துணைநிரல் அழைப்பு என்றால் வேகம் என்னாவது? இந்தக் குறையைக் கட்டுரையே ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில், வேண்டுமென்றே கடினமான ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது: ஏ-7இ போர்விமானத்தின் பறப்பு நிரல். நினைவகம் நெருக்கடியானது, காலக்கெடு நொடியின் சிறு பின்னங்களில். 1978இல் கேத்ரின் ஹெனிங்கரும் பார்னாஸும் பிறரும் வெளியிட்ட தேவைகள் ஆவணம், அந்த நிரல் வெளியுலகுக்கு என்ன செய்யவேண்டும் என்பதை அட்டவணைகளாக எழுதியது. பகுதிகளுக்கான வழிகாட்டி ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கமுக்கம் என்ன என்று எழுதி வைத்தது. வன்பொருளை மறைப்பவை, நடத்தையை மறைப்பவை, நிரலரின் உள்முடிவுகளை மறைப்பவை என்று மூன்று பெரும் பிரிவுகள். பணியில் இருக்கும் பொறியாளருக்கான பாடநூல் என்று எதையாவது சொல்லவேண்டுமானால், விரிவுரைத் தொகுப்புகளைவிட இந்த ஆவணங்களையே சொல்லவேண்டும். எதிர்பார்த்ததைவிட வேலை நெடுங்காலம் இழுத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அட்டவணை முறைக்கு வந்த கடுஞ்சோதனை கனடாவில். ஒன்டாரியோ மாநிலத்தின் டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் உலையை நிறுத்தும் இரு தனித்தனி அமைப்புகளின் முடிவெடுக்கும் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. 1980களின் இறுதியில், அதை நம்பி உரிமம் வழங்க அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியம் தயங்கியது. பார்னாஸை ஆலோசகராக அழைத்தது. ஒரு குழு தேவைகளை அட்டவணையாக்கியது. இன்னொரு குழு எழுதப்பட்ட நிரலிலிருந்து அட்டவணை வருவித்தது. வேறொரு குழு இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டது. கார்னகி மாணவர்களைப் போலவே இவர்களும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல் செய்தவர்கள். இம்முறை அவர்கள் அனுபவமுள்ள பொறியாளர்கள், தவறினால் போவது மதிப்பெண் அல்ல. உலை இயங்க அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த நிரலைத் தொடர்ந்து திருத்திப் பராமரிப்பது அரிது என்பதால், அதை மறுவடிவமைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

1990களில் பார்னாஸ் ஒன்டாரியோவின் ஹாமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், பொறியியல் புலத்துக்குள்ளேயே மென்பொருள் பொறியியலுக்கு ஒரு பட்டப்படிப்பை அமைக்க உழைத்தார். கணினி அறிவியலின் கிளையாக அல்ல, மின்பொறியியல்போல உரிமம் பெறும் தொழிலாக அது கற்பிக்கப்பட வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாதத்தில் அவருக்குக் கிடைத்தது அரை வெற்றிதான்.

'தகவல் மறைப்பு' என்ற தொடருக்குக் கிடைத்ததோ முழு வெற்றி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் அது இல்லாத மென்பொருள் பொறியியல் தாள் அரிது. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரையறை கேட்கப்படும்; பொருள்நோக்கு நிரலாக்கத் தாளில் ஒரு தரவுக்கு முன் 'பிரைவேட்' என்று எழுதுவதே தகவல் மறைப்பு என்று விடைக்குறிப்பு சொல்லும். எந்த முடிவு மறைக்கப்படுகிறது, அது ஏன் நாளை மாறக்கூடும் என்ற கேள்வி அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. பகுதிகளை மாணவரிடையே மாற்றிப் பொருத்திப் பார்ப்பதற்கு ஓர் ஆய்வகமும் ஓர் அரையாண்டும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் வேண்டும். வரையறைக்கு இவை எதுவும் வேண்டா.

சொல்லடைவுச் சிக்கல் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேரி ஷாவும் டேவிட் கார்லனும் 1996இல் வெளியிட்ட மென்பொருள் கட்டமைப்பு நூலில் அதுவே எடுத்துக்காட்டாக வருகிறது: நான்கு வகையான தீர்வுகள், அவற்றின் நிறைகுறைகளை ஒப்பிடும் ஓர் அட்டவணை. பல வகுப்புகளில் மாணவர் அந்த அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொள்கின்றனர்.