வெர்டிகல் பிளைண்ட்ஸ் பழுதுநீக்கம்

சன்னலுக்கு மேலுள்ள அலுமினியச் சட்டத்திலிருந்து நெடுக்காகத் தொங்கும் துணி அல்லது பி.வி.சி. பட்டைகளால் ஆன மறைப்பு வெர்டிகல் பிளைண்ட்ஸ். பட்டைகள் பெரும்பாலும் 89 அல்லது 127 மி.மீ. அகலமுள்ளவை. ஒவ்வொன்றும் சட்டத்துக்குள் ஓடும் ரன்னரின் கொக்கியில் மாட்டியிருக்கும். கயிறு பட்டைகளை ஒதுக்கும். மணிச்சங்கிலி அவற்றைத் திருப்பும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வகை மறைப்புக்கு மூத்த உறவு, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் உள்ள, மரத்தாலான பட்டைகள் கொண்ட சாளரங்கள். வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அமைப்பு அது.

பழுதுகள்: பி.வி.சி. பட்டையின் மேல்துளை கிழிந்தால், பட்டையைத் தலைகீழாக்கி, மறுமுனையில் விளிம்பிலிருந்து அதே தொலைவில் துளையிட்டு மாட்டலாம். ஒரு பட்டை மட்டும் கோணி நின்றால், சங்கிலியை இரு பக்கமும் கடைசிவரை இழுக்க, பெரும்பாலும் வரிசைக்கு வரும். ரன்னர் இறுகினால் தூசியைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்க்கும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புத் திருகுகளை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகே ஏற்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பலமாக வீசும்போது பட்டைகளை ஒதுக்கி வைத்தால், அவற்றின் கீழ்முனைகளை இணைக்கும் அடிச்சங்கிலி அறாது.

தொங்கும் சங்கிலி குழந்தைகளின் கழுத்தில் சுற்றக்கூடும். அதைச் சுவரோடு இறுகப் பொருத்துவது கட்டாயம்.